நேராகப் போகிறவர் என்ன சிக்னல் போட வேண்டும்?

நான் இப்போது இருக்கும் இங்கிலாந்து ஊரில், தேவாலயத்துக்குக் கீழே நான்கு தெருக்கள் சந்திக்கும் இடத்தில், தாரின்மேல் ஒரு வெள்ளை வட்டம் போட்டிருக்கிறார்கள். நடுவில் கல்லில்லை, புல்லில்லை, பூச்செடியில்லை, இன்ன அமைச்சர் திறந்துவைத்தார் என்ற பலகையும் இல்லை. வெறும் பெயின்ட். இதற்கு மினி ரவுண்டபவுட் என்று பெயர். வளர்ந்த மனிதர்கள், படித்தவர்கள், தலை நரைத்தவர்கள் எல்லோரும் காரில் வந்து அந்தப் பெயின்டைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். மேலே ஏறிப் போனால் கார் குலுங்கப் போவதில்லை, கேட்பதற்கும் அங்கே யாரும் இல்லை. ஆனாலும் சுற்றுகிறார்கள். வந்த புதிதில் பஸ் தரிப்பிடத்தில் நின்று இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இலங்கையில் என் ஊரான பதுளையில் சீமெந்தால் கட்டி, கம்பி வேலி அடித்து, உள்ளே சிலையும் வைத்த வட்டத்தையே நம் ஆட்கள் சில நேரம் மறுபக்கமாகச் சுற்றுவார்கள். அப்படிச் சுற்றினால் கிட்ட இருக்கிறதாம்.

நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் கார்கள் வந்துவிட்டால் இன்னும் வேடிக்கை. வலது பக்கத்தில் இருப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பது சட்டம். எல்லோருக்கும் வலது பக்கத்தில் ஒருவர் இருப்பதால் ஒருவரும் அசையமாட்டார்கள். நான்கு பேரும் கையைத் தூக்கி, நீங்கள் போங்கள், இல்லை நீங்கள் போங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இப்படி ஒருவன் கையைக் காட்டினால், அவனுக்கு உடம்புக்கு முடியவில்லை போல என்று மற்ற மூன்று பேரும் ஒன்றாகப் புகுந்திருப்பார்கள்.

எனக்கு இங்கே வேலை, வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, மாத்திரை கொடுத்து, தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவது. ஊரில் பதுளையில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் இதே வேலையைத்தான் செய்தேன். ஆனால் அங்கே நோயாளிகள் என்னிடம் வந்தார்கள், இங்கே நான் அவர்களிடம் போக வேண்டும். அதனால் கார் ஓட்டத் தெரிந்தால்தான் வேலை. நம் நாட்டு லைசென்ஸை வைத்துக்கொண்டு இங்கே ஒரு வருடம் ஓட்டலாம். அதற்குள் இந்த நாட்டுப் பரீட்சையில் பாஸாகிவிட வேண்டும். பாஸாகாவிட்டால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், விசா போனால் நான் பதுளைக்குப் போக வேண்டியதுதான். 'அவசரமில்லை ரீட்டா, உங்கள் வசதிப்படி செய்யுங்கள்' என்றாள் என் மேலாளர். இந்த ஊரில் அவசரமில்லை என்று சொன்னால் எவ்வளவு அவசரம் என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

காரோட்டக் கற்றுக் கொடுத்தவர் என் வீட்டுக்காரர். பெயர் லூர்து. பதுளையிலிருந்து பசறைக்கு ஓடும் தனியார் பஸ்ஸுக்கு டிரைவர். கல்யாணமான புதிதில், கூட்டாளி ஒருவரின் பழைய வேனைக் கேட்டு வாங்கி, தேயிலை மலைக்கு நடுவே போகும் தோட்டத்து ரோட்டில் என்னை உட்கார்த்தி வைத்துச் சொல்லிக் கொடுத்தார். கோபம் வந்தால் ஸ்டியரிங்கைத் தட்டுவார், என்னைத் திட்டமாட்டார். அவர் சொல்லித் தந்த சிக்னல் பாடம் எனக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். மலை ரோட்டில் பின்னால் வருகிறவனுக்கு முன்னால் என்ன வருகிறதென்று தெரியாது. அதனால் வலது சிக்னல் போட்டால், 'எதிரே லொறி வருது, முந்தாதே' என்று பொருள். இடது போட்டால், 'நான் ஓரம் கட்டுறேன், நீ போ' என்று பொருள். சந்தியில் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக மினுக்கவிட்டால், நேராகப் போகிறேன் என்று பொருள்.

"எடது போட்டா எடது, வலது போட்டா வலது. ரெண்டையும் போட்டா நடுவுலதானே போகணும்? இதுல என்னா சந்தேகம்?" என்று கேட்டார். எனக்கும் சந்தேகம் வரவில்லை. இன்றைக்கும் இதில் என்ன பிழை என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியாது. இலங்கையின் சட்டப் புத்தகத்தில்கூட அப்படி இல்லையாம். சட்டப் புத்தகத்தை எழுதியவர் பசறை ரோட்டில் பஸ் ஓட்டினாரா என்பது லூர்துவின் கேள்வி.

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் சிக்னல் என்ற பேச்சே கிடையாது. ரோட்டில் வாகனமென்று ஓடியது தோட்டத்தை நடத்தும் துரையின் ஜீப்பும், கொழுந்து லொறியும்தான். ஜீப் சத்தம் கேட்டாலே, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் ரோட்டோரத் தண்ணீர்க் காணுக்குள் இறங்கி நிற்போம். துரை இடது பக்கம் திரும்புவாரா வலது பக்கம் திரும்புவாரா என்று நாங்கள்தான் கணக்குப் போட்டு விலக வேண்டும், அவர் எதற்குச் சொல்ல வேண்டும்? அந்த ஜீப்பில் சிக்னல் லைட் என்று ஒன்று இருந்ததா என்றே எனக்கு ஞாபகமில்லை. சைக்கிளில் வரும் பேப்பர் போடும் பெண்ணுக்காக இங்கே ஒரு பெரிய வெள்ளைக் கார் நின்று, அவள் வட்டத்தைச் சுற்றிப் போகும்வரை காத்திருந்ததை முதன்முதலில் பார்த்த அன்று மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட, இப்படியும் இருக்கலாமா என்று இருந்தது.

என்னிடம் பராமரிப்புக்கு உள்ளவர்களில் கெனத் என்று ஒருவர். எழுந்து நடக்கமாட்டார். அவருடைய சக்கர நாற்காலி, அந்த வெள்ளை வட்டம் நன்றாகத் தெரியும் ஜன்னலோரத்தில்தான் எப்போதும் நிற்கும். காலையில் நான் போகும்போதே வட்டத்தில் பாவம் செய்தவர்களின் விபரம் தயாராக இருக்கும். நீலக் காரில் வந்தவன் வலது பக்கம் திரும்பினான், சிக்னல் போடவில்லை. தபால் வேன்காரன் நேராகப் போனான், வெளியேறும்போது இடது போடவில்லை. கெனத்தின் கொள்கை, எவ்வளவு சின்ன வட்டமானாலும் வெளியேறும்போது இடது சிக்னல் போட்டே ஆக வேண்டும், அது மரியாதை என்பது. அவருடைய மனைவி மாரியனின் கொள்கை, அந்த ரொட்டியளவு வட்டத்தில் சிக்னல் இரண்டு தடவை மினுங்குவதற்குள் கார் தேவாலயத்தைத் தாண்டிவிடும், கையை ஸ்டியரிங்கில் வைத்திருப்பதுதான் மரியாதை என்பது. சாமி இருக்கிறாரா இல்லையா என்பதில் இந்த வீட்டில் சண்டை கிடையாது. கடவுள் எங்காவது இருந்துவிட்டுப் போகட்டும், இடது சிக்னல் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். மாரியன் ஒருநாள் அதே கோபத்தில் கெனத்தின் முட்டையை வேண்டுமென்றே அதிக நேரம் அவித்துவிட்டாள்.

என் நாட்டில் எப்படி என்று கெனத் கேட்டார். எங்கள் ஊரில் சிக்னல் பின்னால் வருகிறவனுக்கு என்று சொன்னேன். அப்படியானால் முன்னால் இருப்பவர்களுக்கு என்ன என்றார். அவர்களுக்கு ஹோர்ன் இருக்கிறதே என்றேன். கெனத் இருமல் வரும்வரை சிரித்தார். ரீட்டாவுக்கு நல்ல நகைச்சுவை உணர்வு என்று மாரியனைக் கூப்பிட்டுச் சொன்னார். நான் நகைச்சுவையாக எதுவும் சொல்லியிருக்கவில்லை. அதை விளக்கப் போனால் முட்டை ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

எழுத்துப் பரீட்சையில் பாஸாகிவிட்டேன். ரோட்டுப் பரீட்சை அன்று பக்கத்தில் உட்கார்ந்தவர் அமைதியான மனிதர். எல்லாம் நன்றாகத்தான் போனது. தேவாலயத்துக்குக் கீழே அந்த வட்டத்துக்கு வந்ததும் நேராகப் போங்கள் என்றார். அவர் அதைச் சொன்ன நொடியில் என் கை தானாகப் போய், இரண்டு சிக்னலையும் ஒன்றாகப் போடும் சிவப்பு முக்கோணப் பொத்தானை அழுத்திவிட்டது. வழிவிட நின்ற என் காரில் இரண்டு பக்கமும் மினுங்கியது. இடது பக்கத் தெருவில் காத்திருந்த காரிலிருந்து ஒரு பெண் கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடி வந்தாள். என் கண்ணாடியைத் தட்டி, உங்களுக்கு ஒன்றுமில்லையே, கார் நின்றுவிட்டதா, யாருக்காவது போன் பண்ணட்டுமா என்று கேட்டாள். இல்லையம்மா, நான் நேராகப் போகிறேன் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. எனக்குத் தலை சுற்றுகிறதா என்று பரீட்சகரைப் பார்த்துக் கேட்டாள். பின்னால் வரிசையாகக் கார்கள். ஜன்னலில் கெனத் இருந்தார். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். அன்று காலைப் பட்டியலில் முதல் பாவி நான்தான்.

ஏன் அந்த விளக்கைப் போட்டீர்கள் என்று பரீட்சகர் கேட்டார். நேராகப் போகச் சொன்னீர்களே என்றேன். ஆமாம், ஆனால் ஏன் போட்டீர்கள் என்றார். நேராகப் போவதற்காக என்றேன். அதற்குப் பிறகு புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும்வரை அவர் மழையைப் பற்றிக்கூடப் பேசவில்லை. நேராகப் போகிறவர் எதுவும் போட வேண்டியதில்லை, எதுவும் போடாமல் வந்தால் நேராகப் போகிறார் என்றுதான் அர்த்தம் என்று கடைசியில் பொறுமையாகச் சொன்னார். அது எனக்குப் புத்தகத்தில் தெரிந்ததுதான். கைக்குத்தான் தெரிந்திருக்கவில்லை.

பெயிலானதில் அழுகை வந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அழுகைக்கு அடியில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. இன்னொரு தடவை பெயிலானால் வருடம் முடிந்துவிடும், ஊருக்குப் போய்விடலாம். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் ஊரில் பிழைக்கத் தெரியாமல் திரும்பி வந்தாள் என்று எவளும் பேச முடியாது, லைசென்ஸ் தரவில்லை, வந்துவிட்டேன் என்று சொல்லலாம். என் மகள் ஷாலினி பாடசாலைக்குப் போகும்போது தலையைப் பின்னிவிடலாம். இதை நினைத்துக்கொண்டேதான் லூர்துவுக்குப் போன் எடுத்தேன்.

"பெயிலா? சரி விடு. வந்துரு. இங்க யாரு ஒன்னைய என்னா கேக்கப் போறா?" என்றார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. அதே சந்தோஷம் எனக்குள் இருந்ததாலோ என்னவோ எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போன வாரமும் அவரிடம் கேட்டிருந்தேன், நேராகப் போவதற்கு இரண்டையும் போடு, அங்கேயும் லைட்டு லைட்டுதான் என்று சொன்னவர் இவர்தானே.

"நான் பெயிலாகணும்னுதானே அப்பிடிச் சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆமான்னு சொன்னா என்னா செய்வ?" என்றார்.

"ஒங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்."

"அதான் இப்பவும் முழிக்கலியே," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அன்றிரவு ஷாலினி ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். "அம்மா, இனிமே அப்பாகிட்ட கேட்டு ஓட்டாதீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

சில நாட்கள் அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு வீடியோவில் கூப்பிட்டார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை தெரிந்தது. நடுவில் ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான்கு பக்கமும் நெருப்புப்பெட்டிகள். லூர்து மூக்குக் கண்ணாடி போட்டிருந்தார். ஷாலினி சொன்னாள், பஸ் ஓட்டிவிட்டு வந்து தினமும் இங்கிலாந்து மினி ரவுண்டபவுட் வீடியோக்களைப் பார்க்கிறார், இங்கிலீஷ் விளங்காத இடத்தில் அவளை எழுப்பிக் கேட்கிறார், அவளுக்குத் தூக்கம் போய்விட்டதாம்.

"இங்க பாரு," என்று ஒரு நெருப்புப்பெட்டியைத் தள்ளினார். "வலதுல வர்றவனுக்கு வழிவிடு. எடது போறியா, கிட்ட வர்றப்பயே எடது போட்டுரு. வலது போறியா, வலது போடு. நேரா போறியா, ஒன்னும் போடாத. கைய மடியில கட்டி வச்சாலும் பரவால்ல, அந்தச் செவப்பு பட்டன மட்டும் தொடாத. வெளிய போறப்ப நேரம் இருந்தா எடது போடு. சின்ன வட்டத்துல நேரம் இருக்காது, அதுக்காக ஸ்டியரிங்க விட்டுட்டு சிக்னலத் தேடிக்கிட்டு இருக்காத. வெளங்குச்சா?"

விளங்கியது என்றேன். அவர் வாயிலிருந்து இதெல்லாம் வருவதற்கு எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்பதும் விளங்கியது. நான் வந்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிற மனிதர், நான் வராமல் இருப்பதற்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொல்றத நம்பலாமா?" என்று கேட்டேன்.

"நானும் ஒரு வாரமா இப்பிடித்தான் ஓட்டுறேன். செஞ்சு பாக்காம எப்பிடிச் சொல்லிக் குடுக்குறது?" என்றார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது பரீட்சையில் அதே வட்டம் வந்தது. நேராகப் போங்கள் என்றார் வேறொரு பரீட்சகர். நான் ஒன்றும் போடவில்லை. பாஸ். கெனத் என்னை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். மறுநாள் போனபோது, வெளியேறும்போது இடது போட்டிருக்கலாமே என்றார். மாரியன் என் பக்கம் நின்றாள். அன்றும் முட்டை கல்லாகிவிட்டது. லூர்துவிடம் சொன்னபோது, "நல்லது. இனி நிம்மதியா இரு" என்று மட்டும் சொன்னார். ஷாலினிதான் பின்னால் நின்று கைதட்டினாள்.

நத்தார் பண்டிகைக்கு லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். போன மறுநாள் அவருடைய பஸ்ஸிலேயே பசறைக்குப் புறப்பட்டேன், என் அக்காவைப் பார்க்க. டிரைவருக்குப் பின்னால் மதகுருமாருக்கு ஒதுக்கிய சீட் காலியாக இருந்தது. சாமியார் யாரும் ஏறவில்லையே என்று அதில் உட்கார்ந்தேன். கண்டக்டர் தங்கராசு ரொம்ப வருடமாக லூர்துவோடு ஓடுகிறவர், என்னை அண்ணி என்பார். அண்ணி, வெள்ளையாகிட்டீங்க என்றார். பொய். அந்த ஊர்க் குளிரில் என் முகம் உரிந்து போயிருந்தது.

பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து சின்னச் சுற்றுவட்டத்தை நெருங்கினோம். எனக்கு அந்த இடத்தில் பஸ் எப்படிப் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டும் தெரியும். இரண்டு பக்கச் சிக்னலும் மினுங்கும், ஹோர்ன் அலறும், தங்கராசு புட்போர்டில் தொங்கியபடி பஸ்ஸை அடித்து "யன்ன யன்ன", போ போ என்று சிங்களத்தில் கத்துவார். அன்று எதுவும் மினுங்கவில்லை. லூர்து பிரேக் போட்டு நின்றார். வலது பக்கத்திலிருந்து ஒரு த்ரீவீல் ஆட்டோ வந்தது. அதற்கு வழிவிட்டார். த்ரீவீல்காரன் பயந்துபோய் அவனும் நின்றுவிட்டான். இவ்வளவு பெரிய பஸ் தனக்காக நிற்கிறதென்றால் ஏதோ சூது இருக்கிறது என்று நினைத்திருப்பான். பின்னால் எல்லா வாகனமும் ஹோர்ன் அடித்தது. பிறகு லூர்து மெதுவாக வட்டத்தைச் சுற்றி, பசறை ரோட்டுக்கு வெளியேறும்போது, விரலால் நிதானமாக இடது சிக்னலைத் தட்டினார்.

பதுளையில் பஸ் இடது போட்டால் பஸ் நிற்கப் போகிறது. ரோட்டோரத்தில் பைகளோடு நின்றவர்கள் எல்லோரும் ஓடி வந்தார்கள். பின்னால் வந்த இரண்டு த்ரீவீல்கள், பஸ் ஓரம் கட்டுகிறது என்று வலது பக்கத்தால் முந்திக்கொண்டு பாய்ந்தன. ஓடி வந்தவர்களில் மரக்கறி மூட்டையைத் தலையில் வைத்திருந்த ஓர் அம்மா காணுக்குள் விழப் பார்த்தாள். தங்கராசு புட்போர்டில் நின்று உடம்பை வெளியே நீட்டி, நிற்காது, நிற்காது என்று கையை ஆட்டிச் சிங்களத்திலும் தமிழிலும் கத்தினார். கத்தின கத்தில் அவருக்கு நரம்பு புடைத்தது. ரோட்டில் நின்றவர்கள் எங்கள் பஸ்ஸைப் பார்த்துச் சொன்னதை நான் இங்கே எழுத முடியாது, லூர்துவின் அம்மா கண்ணை மூடி ரொம்ப நாளாகிறது, அவரை ஏன் இதற்குள் இழுக்க வேண்டும்.

தங்கராசு உள்ளே வந்து என்னிடம் முறையிட்டார். "பாத்தீங்களா அண்ணி? தெனமும் இதுதான். பரீட்ச ஒங்களுக்கு. அண்ணே எதுக்கு இன்னும் இப்பிடி ஓட்டுறாரு? ஸ்டாண்டுல இவர லண்டன் டிரைவர்னு கூப்புடுறானுங்க. ஒரு நாளைக்கு எல்லாரையும் கொல்லப் போறாரு." பிறகு டிரைவர் பக்கம் திரும்பி, "அண்ணே, போதும்ணே. பழைய மாதிரி ஓட்டுங்க. அண்ணி முன்னாடியே சொல்லுங்க, எப்ப மாத்துவீங்க?" என்று கேட்டார்.

லூர்து கண்ணாடி வழியாகப் பின்னால் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே கியரை மாற்றினார்.

"அவ வந்து சேரட்டும்டா. மாத்திக்கிறேன்," என்றார்.

நான் அவருக்கு நேர் பின்னால், மதகுருமாருக்கு ஒதுக்கிய சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.